புளோரிடாவுக்குக் குவியும் கூட்டம் வடக்கு டகோட்டாவுக்கு ஏன் போவதில்லை?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் 50 மாநிலங்கள் இருந்தும், சுற்றுலா என்றால் புளோரிடா, கலிபோர்னியா, நியூயார்க், நெவாடா, ஹவாய் என்று ஐந்தாறு பெயர்களையே எல்லோரும் சொல்கிறார்கள். மற்ற மாநிலங்களில் பார்க்க ஒன்றும் இல்லையா, இல்லை வேறு காரணமா?

பார்க்க இருக்கிறது, தாராளமாகவே இருக்கிறது. கூட்டம் எங்கே சேரும் என்பதில் இயற்கை அழகுக்கு நாம் நினைப்பதைவிடச் சின்னப் பங்குதான். அங்கே சுலபமாகப் போய்ச் சேர முடியுமா, என்றைக்கோ ஒரு நாள் யாராவது பிடிவாதமாக அங்கே பணத்தைக் கொட்டினார்களா, அந்த மாநிலத்துக்குப் பயணிகளை விட்டால் வேறு பிழைப்பு இருந்ததா, இவைதான் என் கணக்கில் பெரிய காரணங்கள். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

முதலில் எண்ணிக்கை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பயணிகளை மட்டும் எடுத்தால் நியூயார்க், புளோரிடா, கலிபோர்னியா மூன்றும்தான் முன்னால் நிற்கும். ஆனால் ஒஹாயோவும் பென்சில்வேனியாவும் ஆண்டுக்கு 20 கோடி வருகைகள் என்ற அளவில் அறிக்கை விடுகின்றன. புளோரிடா 2023-க்குச் சொன்னது சுமார் 14 கோடி. அப்படியானால் ஒஹாயோ புளோரிடாவை முந்திவிட்டதா? பக்கத்து ஊரிலிருந்து காரில் வந்து, மதியம் சாப்பிட்டு, மாலையே வீடு திரும்புகிறவரையும் ஒஹாயோ சேர்த்து எண்ணுகிறது. ஒவ்வொரு மாநிலமும் தனக்குச் சாதகமான அளவுகோலை வைத்துக்கொள்வதால் இந்த அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. எத்தனை இரவு தங்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்று பார்த்தால் நாம் எதிர்பார்க்கும் பெயர்கள் மறுபடி மேலே வந்துவிடும்.

அழகு மட்டும் போதாது என்பதற்கு தேசியப் பூங்காக்களைப் பாருங்கள். அமெரிக்காவில் அதிகம் பேர் போகும் தேசியப் பூங்கா கிராண்ட் கேன்யன் அல்ல, யெல்லோஸ்டோனும் அல்ல. டென்னசிக்கும் வடக்கு கரோலினாவுக்கும் நடுவில் இருக்கும் கிரேட் ஸ்மோக்கி மலைகள்தான். ஆண்டுக்கு 1.2 கோடிக்கு மேல் வருகைகள். கிராண்ட் கேன்யனுக்கு 50 லட்சத்துக்குள்தான். ஸ்மோக்கி மலை பசுமையானது, மூடுபனி தவழும், சந்தேகமில்லை. ஆனால் உலகம் வாயைப் பிளக்கும் காட்சி என்று சொல்ல மாட்டேன். அட்லாண்டா, சார்லட், நாஷ்வில், சின்சினாட்டி என்று பல நகரங்களிலிருந்து ஒரே நாளில் காரில் போய்விடலாம். நுழைவுக் கட்டணமும் கிடையாது. பூங்காவின் நடுவே போகும் சாலையை மத்திய அரசிடம் ஒப்படைத்தபோதே கட்டணம் வாங்கக்கூடாது என்று டென்னசி நிபந்தனை போட்டுவிட்டது. 2023-லிருந்து வண்டி நிறுத்த மட்டும் காசு வாங்குகிறார்கள்.

மறுபக்கம் அலாஸ்காவில் 'கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக்' என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. பெல்ஜியம் நாட்டைவிடப் பெரியது, அழகில் ஸ்மோக்கி மலை அதன் பக்கத்தில் நிற்க முடியாது. உள்ளே சாலையே இல்லை, போட்டு வைத்த நடைபாதையும் இல்லை, சிறிய விமானத்தில் போய் இறங்க வேண்டும். ஆண்டுக்குப் பத்தாயிரம் பேர் சொச்சம்தான் போகிறார்கள்.

போக்குவரத்து இவ்வளவு தெளிவாகப் புரியும் விஷயம். ஆனால் வடக்கு, தெற்கு என்ற இரண்டு டகோட்டாக்களை எடுத்துக்கொண்டால் அது மட்டும் போதாது என்று தெரிந்துவிடும். இரண்டும் ஒரே பிரதேசமாக இருந்து, 1889 நவம்பர் 2 அன்று ஒரே நாளில் தனித்தனி மாநிலங்களாயின. எது முதல், எது இரண்டாவது என்ற சண்டை வரக்கூடாது என்று அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் காகிதங்களை மாற்றி மாற்றிக் கலைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். இரண்டிலும் அதே புல்வெளி, அதே கொடுங்குளிர், அதே காட்டெருமை. மழையும் காற்றும் அரித்த வினோதமான மண்குன்றுகளும் இரண்டிலும் உண்டு. பிளாக் ஹில்ஸ் என்ற மலைப்பகுதி மட்டும் தெற்குக்குக் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு தெற்கு செய்ததைத்தான் பார்க்க வேண்டும்.

1923-ல் மாநிலத்தின் வரலாற்று அலுவலராக இருந்த டோன் ராபின்சன் ஒரு யோசனை சொன்னார். பிளாக் ஹில்ஸ் பாறையில் பிரம்மாண்டமான உருவங்களைச் செதுக்கினால் கிழக்கிலிருந்து காரில் ஆட்கள் வருவார்கள் என்றார். கலை, தேசபக்தி எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. தொடக்கம் சுத்தமான சுற்றுலாத் திட்டம். மேற்குப் பகுதியின் நாயகர்களைச் செதுக்கலாம் என்று அவர் நினைத்தார், சிற்பி கட்சன் போர்க்லம் வந்து அதிபர்கள் என்று மாற்றினார். 1927 முதல் 1941 வரை சுமார் 400 பேர் வெடிவைத்துச் செதுக்கிய 60 அடி முகங்கள் நான்குதான் மவுண்ட் ரஷ்மோர். செலவு 10 லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவு, பெரும்பகுதி மத்திய அரசின் பணம். அந்தப் பணத்தை வாங்கித் தந்தவர்களில் முக்கியமானவர் செனட்டர் பீட்டர் நார்பெக். மலையில் சாலைகளின் தடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் அவர் கை இருந்தது. அயர்ன் மவுண்டன் சாலையில் குகைப்பாதைகளைவிட்டு வெளியே வரும்போது சரியாக அந்த முகங்கள் கண்ணில் படும்படி அமைத்திருக்கிறார்கள். 1927 கோடையில் அதிபர் கால்வின் கூலிட்ஜை வரவழைத்து அங்கேயே தங்கவும் வைத்தார்கள். நாட்டின் பத்திரிகையாளர் கூட்டம் பின்னாலேயே வந்தது. அன்றைக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் வேறு கிடையாது.

அதே மாநிலத்தில் வால் என்ற குக்கிராமத்தில் டெட் ஹஸ்டெட் என்பவர் 1931-ல் ஒரு மருந்துக்கடையை வாங்கினார். வியாபாரமே இல்லை. 1936-ல் அவர் மனைவி டோரதி, வெயிலில் போகும் கார்காரர்களுக்கு ஐஸ் தண்ணீர் இலவசம் என்று நெடுஞ்சாலையில் பலகை வைக்கலாம் என்றார். இன்று அந்தக் கடை ஒரு தெருவையே அடைத்துக்கொண்டிருக்கிறது, பலகைகள் நூற்றுக்கணக்கான மைல் தூரத்திலிருந்தே ஆரம்பித்துவிடும். இதோடு 1938-ல் ஸ்டர்ஜிஸில் தொடங்கிய மோட்டார் சைக்கிள் திருவிழா, 1989-ல் டெட்வுட் ஊரில் அனுமதித்த சூதாட்டம். சிகாகோவிலிருந்து யெல்லோஸ்டோன் போகும் குடும்பங்கள் ஐ-90 நெடுஞ்சாலையில் இந்த மாநிலத்தைக் கடந்தே ஆக வேண்டும். அவர்களை இரண்டு நாள் நிறுத்தி வைக்க ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டே போனார்கள். இன்று சுமார் 9 லட்சம் பேர் வாழும் மாநிலத்தில் ரஷ்மோரை மட்டும் பார்க்க ஆண்டுக்கு 20 லட்சம் பேர் வருகிறார்கள்.

இந்தக் கதையில் ஒரு கறை உண்டு, அதைச் சொல்லாமல் போகக்கூடாது. பிளாக் ஹில்ஸ் 1868 ஒப்பந்தப்படி லக்கோட்டா என்ற பூர்வகுடி மக்களின் நிலம். தங்கம் கிடைத்ததும் அரசு பிடுங்கிக்கொண்டது. 1980-ல் உச்ச நீதிமன்றம் 10 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு உறுதி செய்தது. நிலம்தான் வேண்டும், பணம் வேண்டாம் என்று அவர்கள் இன்றுவரை அதைத் தொடவில்லை.

வடக்கு டகோட்டா இப்படி எதையும் துரத்தவில்லை. கோதுமை இருந்தது, 1950-களிலிருந்து எண்ணெய் இருந்தது, 2000-களின் பிற்பகுதியில் பாக்கன் என்ற பாறைப் படிவத்திலிருந்து எண்ணெய்ப் பெருக்கம் வந்தபோது ஊரில் ஓட்டல் அறை கிடைப்பதே கஷ்டமாக இருந்தது, அதுவும் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்களால். தியோடர் ரூஸ்வெல்ட் தேசியப் பூங்கா உண்மையிலேயே அருமையான இடம். ரஷ்மோரைவிட அதைப் பார்க்கவே நான் சிபாரிசு செய்வேன். ஆண்டுக்கு 7 லட்சம் பேர் அளவில்தான் போகிறார்கள். ஃபார்கோ நகரின் சுற்றுலா மையத்தில் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள்: மற்ற 49 மாநிலங்களையும் முடித்துவிட்டுக் கடைசியாக இங்கே வருகிறவர்களுக்குச் சான்றிதழும் டி-ஷர்ட்டும் தருவார்கள். தங்களையே கேலி செய்துகொள்ளும் அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். நெப்ராஸ்காவும் 2018-ல், நேர்மையாகச் சொன்னால் எங்கள் மாநிலம் எல்லோருக்கும் ஏற்றதல்ல என்றே விளம்பரம் செய்தது.

சரி, புளோரிடாவுக்கு வருவோம். கடற்கரையும் குளிர்கால வெயிலும் இயற்கை கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் 1880-கள் வரை அதன் தெற்குப் பகுதி கொசுவும் சதுப்பு நிலமும்தான். ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தில் ராக்பெல்லரின் கூட்டாளியாக இருந்து பெரும் பணம் சேர்த்த ஹென்றி ஃபிளாக்லர், 1888-ல் செயின்ட் அகஸ்டினில் ஒரு ஆடம்பர ஓட்டல் திறந்தார். ஓட்டலுக்கு ஆள் வர ரயில் வேண்டும், ரயிலுக்கு ஆள் ஏற அடுத்த ஊரில் ஓட்டல் வேண்டும் என்று கடற்கரையோரமாகவே தெற்கே இறங்கிக்கொண்டு போய் 1896-ல் மயாமியைத் தொட்டார். 1912-ல் கடல்மேல் பாலம் போட்டு கீ வெஸ்ட் வரை ரயில் விட்டார். 1935 சூறாவளி அந்தக் கடல் ரயிலைச் சிதைத்துவிட்டது. ஆனால் குளிர்காலம் என்றால் தெற்கே புளோரிடா என்ற பழக்கம் அதற்குள் வடக்கத்திப் பணக்காரர்களிடம் ஊறிவிட்டது. பிறகு கார் வந்து நடுத்தர வர்க்கத்தைக் கொண்டுவந்தது, ஏசி வந்து கோடையையும் தாங்கக்கூடியதாக்கியது.

அப்புறம் டிஸ்னி. கலிபோர்னியாவில் 1955-ல் திறந்த டிஸ்னிலேண்டில் வால்ட் டிஸ்னிக்கு இரண்டு வருத்தம். நாட்டின் மக்கள்தொகையில் பெரும்பங்கு மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருக்க, அங்கிருந்து வந்தவர்கள் சொற்பம். மேலும் பூங்காவைச் சுற்றி மற்றவர்கள் கட்டிய மோட்டல்கள் லாபத்தை அள்ளின. எனவே 1963 நவம்பரில் மத்திய புளோரிடாவை விமானத்திலிருந்து பார்த்தார். கடற்கரையே இல்லாத ஆர்லண்டோ அவருக்குப் பிடிக்கக் காரணம், ஐ-4 நெடுஞ்சாலையும் புளோரிடா டர்ன்பைக் என்ற சுங்கச் சாலையும் அங்கே குறுக்கே சந்திப்பதுதான். பல போலிப் பெயர் நிறுவனங்களின் வழியாக 27,000 ஏக்கருக்கு மேல் சதுப்பு நிலத்தைச் சல்லிசாக வாங்கிப் போட்டார்கள். 1965 அக்டோபரில் உள்ளூர்ப் பத்திரிகை வாங்குகிறவர் யார் என்பதை உடைத்ததும் நிலத்தின் விலை எகிறியது. 1967-ல் மாநில அரசு டிஸ்னிக்குக் கிட்டத்தட்ட ஒரு தனி நகராட்சியையே எழுதிக் கொடுத்தது. சாலை, சாக்கடை, கட்டட அனுமதி எல்லாம் அவர்கள் கையில். சட்டப்படி அணுமின் நிலையம்கூடக் கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தது. ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஒரு மாநிலம் இவ்வளவு வளைந்து கொடுத்ததன் அரசியல் தனிக் கதை, 2023-ல் அந்த ஏற்பாட்டை மாற்றியும் விட்டார்கள். 1971-ல் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்கா திறந்தது, 1973-ல் சீவேர்ல்ட், 1990-ல் யூனிவர்சல், 2025-ல் யூனிவர்சலின் இன்னொரு பூங்கா. ஒரு முறை கூட்டம் சேர்ந்தால் விமானங்கள் கூடும், டிக்கெட் மலியும், அதனால் இன்னும் கூட்டம் வரும். ஆர்லண்டோ விமான நிலையத்தை இப்போது ஆண்டுக்கு 5 கோடிக்கு மேற்பட்டோர் பயன்படுத்துகிறார்கள்.

புளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசு ஓடுவதே பெரும்பாலும் விற்பனை வரியில். பயணி வாங்கும் ஒவ்வொரு காபியும் டி-ஷர்ட்டும் உள்ளூர்க்காரரின் வரிச்சுமையைக் குறைக்கிறது. ஓட்டல் அறைக்கு மாவட்டங்கள் தனி வரி வேறு போடுகின்றன. நெவாடா, டென்னசி, தெற்கு டகோட்டா எல்லாம் இதே கோஷ்டிதான். டெக்சஸும் வாஷிங்டன் மாநிலமும்கூட வருமான வரி இல்லாதவை ஆயிற்றே என்று கேட்கலாம். அவற்றுக்கு எண்ணெயும், போயிங்கும் மைக்ரோசாஃப்ட்டும் இருந்தன. வாஷிங்டன் மாநிலம் 2011-ல் செலவைக் குறைக்கத் தன் சுற்றுலா அலுவலகத்தையே மூடிவிட்டது, 2018-ல்தான் மறுபடி சட்டம் போட்டு உயிர் கொடுத்தது. புளோரிடா அப்படி மூடுவதைக் கற்பனை செய்ய முடியாது.

வேறு பிழைப்பு இல்லாததால் சுற்றுலாவைப் பிடித்துக்கொண்டதற்கு நெவாடாதான் உச்சம். 1930-ல் மாநிலம் முழுக்க 91,000 பேர். சுரங்கங்கள் வற்றிவிட்டன, விவசாயத்துக்குத் தண்ணீர் இல்லை, பொருளாதாரப் பெருமந்தம் வேறு. 1931-ல் இரண்டு வேலை செய்தார்கள். சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கினார்கள், ஆறு வாரம் தங்கினாலே விவாகரத்து வாங்கலாம் என்றார்கள். மற்ற மாநிலங்கள் ஒழுக்கத்தின் பெயரால் தடுத்ததை இவர்கள் விற்றார்கள். ஹூவர் அணை கட்ட வந்த தொழிலாளர்கள் முதல் வாடிக்கையாளர்கள், பிறகு நாலைந்து மணி நேரத்தில் காரில் வந்துவிடக்கூடிய லாஸ் ஏஞ்சல்ஸ்.

ஆனால் அந்தத் தனியுரிமை நிலைக்கவில்லை. 1978-ல் நியூஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டியில் கசினோ திறந்தது. 1988-ல் பூர்வகுடி மக்களின் கசினோக்களுக்கு மத்திய அரசு சட்டம் வகுத்தது. இன்று பெரும்பாலான மாநிலங்களில் ஏதோ ஒரு கசினோ இருக்கிறது. அட்லாண்டிக் சிட்டி சூதாட்டத்தையே நம்பியிருந்து நொடித்தது, 2014 ஒரே ஆண்டில் நான்கு கசினோக்கள் மூடின. நெவாடாவின் லாஸ் வேகஸ் வேறு வழியில் போனது. 1950-களிலேயே ஓட்டல் அறை வரியைக் கொண்டு மாநாட்டு மையம் கட்டத் தொடங்கியிருந்தார்கள். வெள்ளி, சனி இரவுகள் கலிபோர்னியாக்காரர்களால் தானாக நிறையும். திங்கள் முதல் வியாழன் வரை காலியாகக் கிடக்கும் அறைகளை வணிக மாநாடுகள் நிரப்பும். இது தற்செயல் இல்லை, வாரத்தின் ஏழு நாளையும் கணக்குப் போட்டுச் செய்த வேலை. 1989-ல் மிராஜ் என்ற பிரம்மாண்டமான கசினோ ஓட்டல் வந்தபின் காட்சி, சாப்பாடு, கடைகள் என்று மாறி, இன்று பெரிய கசினோக்கள் வரிசையாக நிற்கும் ஸ்டிரிப் பகுதி ஓட்டல்களின் வருமானத்தில் சூதாட்டம் பாதிக்கும் குறைவு. ஆண்டுக்குச் சுமார் 4 கோடிப் பேர், ஒரு பாலைவன ஊருக்கு!

ஹவாயைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அது விமானத்தின் கதை. 1959-ல் மாநிலமானது, அதே ஆண்டு ஜெட் விமானங்களும் வந்தன. கப்பலில் நாலைந்து நாள் ஆனது, ஐந்து மணி நேரமாகச் சுருங்கியது. அந்த ஆண்டு வந்தவர்கள் சுமார் 2.4 லட்சம், 2019-ல் ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. கரும்பும் அன்னாசியும் நொடித்துக்கொண்டே போனபோது சுற்றுலாதான் தாங்கியது. கடைசிச் சர்க்கரை ஆலை 2016-ல் மூடியது.

விளம்பரத்தால் பலன் உண்டா என்ற கேள்விக்கு எல்லோரும் கொலராடோவைக் காட்டுவார்கள். 1993-ல் அங்கே வாக்காளர்கள் சுற்றுலா வரியை நிராகரித்தார்கள், ஆண்டுக்கு 1.2 கோடி டாலர் விளம்பர நிதி பூஜ்யமானது. ஓரிரு ஆண்டுகளில் உள்நாட்டுச் சுற்றுலாவில் அதன் பங்கு சுமார் 30 சதவீதம் சரிந்தது என்று ஓர் ஆய்வு சொன்னது. செய்தது சுற்றுலாத் துறைக்காகவே ஆய்வு நடத்தும் நிறுவனம், எனவே அந்த எண்ணை அப்படியே விழுங்க வேண்டாம். ஆனாலும் 2000-ல் அந்த மாநிலமே மனம் மாறி அலுவலகத்தைத் திறந்துவிட்டது. நியூயார்க் இன்னும் நல்ல உதாரணம். 1975-ல் நகரம் திவாலாகும் நிலையில் ஆட்குறைப்பு வந்தபோது, போலீஸ் சங்கங்களே மண்டையோட்டுப் படம் போட்ட துண்டறிக்கை அச்சடித்து, இங்கே வராதீர்கள், உயிருக்கு ஆபத்து என்று பயணிகளைப் பயமுறுத்தின. இரண்டே ஆண்டில், 1977-ல், மில்டன் கிளேசர் என்ற வடிவமைப்பாளர் வரைந்த, நியூயார்க்கை நேசிக்கிறேன் என்று சொல்லும் அந்தச் சிவப்பு இதயச் சின்னத்தோடு மாநில அரசு விளம்பரத்தில் இறங்கியது. சுதந்திர தேவி சிலையும் பிராட்வே நாடக அரங்குகளும் இரண்டு காலத்திலும் அங்கேதான் இருந்தன.

நம் ஆட்களுக்குத் தெரிந்த இன்னொரு காரணம், சொந்தக்காரர்கள். மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் கோடையில் பிள்ளைகள் வீட்டுக்கு வரும் பெற்றோர் நியூஜெர்சியையோ டல்லாஸையோ விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை, மகனும் மகளும் அங்கே வேலை பார்க்கிறார்கள், அவ்வளவுதான். வந்த இடத்திலிருந்து நயாகரா, தலைநகர் வாஷிங்டன், பென்சில்வேனியாவில் பிட்ஸ்பர்க் பெருமாள் கோயில் என்று ஒரு சுற்று. பென்சில்வேனியாவின் கணக்கில் இவர்களும் பயணிகள்தான், ஆனால் பாதிப் பேர் நண்பர் வீட்டில் தங்கி, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

சட்டம்கூடச் சில சமயம் கூட்டத்தைத் திருப்பிவிடும். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் இரண்டு அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே நேராகப் பயணிகளை ஏற்றிச் செல்லக்கூடாது என்று 1886-லிருந்து சட்டம் இருக்கிறது. சொகுசுக் கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே வெளிநாட்டுக் கொடி என்பதால், சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போகும் கப்பல் நடுவில் கனடாவில் ஒரு துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். கொரோனா காலத்தில் கனடா துறைமுகங்களை மூடியதும் அலாஸ்காவின் சுற்றுலாப் பருவமே படுத்துவிட்டது. 2021-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிக விலக்குக் கொடுத்த பிறகுதான் கப்பல்கள் போயின.

இந்த வரிசை இனி மாறுமா? அதிகம் மாறாது என்றுதான் நினைக்கிறேன், ஓட்டலும் விமான நிலையமும் ஒரே நாளில் இடம் மாறுவதில்லை. ஆனால் ஜெயித்த சில இடங்கள் இப்போது கதவைப் பாதி சாத்துகின்றன. ஹவாயின் டைமண்ட் ஹெட் மலைக்கு வெளி மாநிலத்தவர் முன்பதிவு செய்துதான் போக முடியும், அலாஸ்காவின் ஜூனோ நகரம் நாளைக்கு ஐந்து பெரிய கப்பல் போதும் என்று 2024-லிருந்து வரம்பு வைத்துவிட்டது. இன்னொரு பக்கம், 2025-ல் இரு நாடுகளின் இறக்குமதி வரிச் சண்டைக்குப் பிறகு கனடாக்காரர்கள் எல்லை தாண்டுவதை வெகுவாகக் குறைத்துக்கொண்டார்கள். முதலில் அடி வாங்கியவை மெயின், வெர்மாண்ட், நியூயார்க்கின் வடபகுதி போன்ற எல்லையோர இடங்கள். அந்த ஆண்டு லாஸ் வேகஸிலும் கூட்டம் குறைந்தது.